இரண்டாம் அட்டையில் இருந்த சிவப்பு

நான் பொய்ச்சாட்சி சொன்னேன். கோர்ட்டில் அல்ல; ஸ்ரீவில்லிபுத்தூரில், எங்கள் பெண்கள் பள்ளியின் தையல் அறையில், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் முன்னால் சொன்னேன். பாக்கியம் என்ற இளம் விதவை தமிழில் பேசியதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கு மேல் விழுங்கிவிட்டேன். அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னதாகத் தலையசைத்தேன். அதனால் அவள் தோற்றாள்.

கைதவறி நடந்ததா? இல்லை. தெரிந்தே செய்தேன்... நிதானமாகவும் செய்தேன்.

நீங்கள் என்னைத் தெருவில் பார்த்திருந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டிருப்பீர்கள். வெள்ளைப் புடவை, கையில் குடை, அக்கம்பக்கம் திரும்பாத நடை. இந்த ஊரில் பலருக்கும் நான் டீச்சரம்மா. கடைக்காரர்கூட என்னிடம் பேரம் பேசமாட்டார். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும். அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கு வேர் அதுதான்.

என் தகப்பனார் மிஷன் சபையில் வேதம் கற்பிக்கும் உபதேசியார். எங்கள் வீட்டில் பிள்ளைகள் பேசக் கற்றுக்கொண்டதே ஞானோபதேச வினாவிடையில்தான். கேள்வி ஒன்று, விடை ஒன்று. ஒரு சொல் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. கேட்டால் எழுந்து நிற்க வேண்டும், விடையைச் சொல்ல வேண்டும், உட்கார வேண்டும். ஆண்டுதோறும் பரிசு எனக்குத்தான். பிறகு நானே ஆசிரியை ஆனபோது என் வகுப்பையும் அப்படித்தான் நடத்தினேன். என் வகுப்பில் எறும்பு ஊர்ந்தால் கேட்கும் என்பார்கள். பெருமையாக இருந்தது எனக்கு!

எங்கள் பள்ளியின் தலைவியை ஊரே மிஸ்ஸியம்மா என்று அழைத்தது. கடல் கடந்து வந்த பெண்மணி. ஜெபம் செய்யவும் கத்தரிக்காய் வாங்கவும் போதுமான தமிழ் அவருக்கு வரும். எங்கள் பக்கத்துப் பெண்கள் படபடவென்று பேசினால் ஒன்றும் பிடிபடாது. ஆகவே கிராமங்களுக்குப் போகும்போதெல்லாம் நான்தான் அவருக்கு வாயும் காதும்.

அந்த வேலையில் எனக்கு ஒரு முறை இருந்தது. மகாராஜபுரத்தில் ஒரு பெண் தன் எருமை செத்ததில் தொடங்கி, மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டது வரை மூச்சுவிடாமல் சொல்லுவாள். நான் மிஸ்ஸியம்மா பக்கம் திரும்பி, "ஜெபிக்கச் சொல்கிறாள்" என்பேன். அவ்வளவுதான். உமியைப் புடைத்துவிட்டு அரிசியைக் கொடுப்பதாக நினைத்துக்கொள்வேன். எது உமி, எது அரிசி என்று முடிவு செய்ய என்னை யார் வைத்தார்கள்? அந்தக் கேள்வியை அப்போது யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

யுத்த காலம் அது. பஸ்கள் பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடின. விடுப்பில் சொந்த நாட்டுக்குப் போயிருந்த மிஸ்ஸியம்மா, யுத்தம் மூள்வதற்குச் சற்று முன்புதான் திரும்பியிருந்தார். வரும்போது ஒரு பெட்டியும் கொண்டு வந்திருந்தார். உள்ளே பத்து அட்டைகள். ஒவ்வொன்றிலும் மைக்கறை. காகிதத்தில் மையைக் கொட்டி, இரண்டாக மடித்து, விரித்தால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுபோல ஓர் உருவம் வருமே... அதுதான். சில வெறும் கறுப்பு. சிலவற்றில் சிவப்பு கலந்திருக்கும். கடைசி மூன்றும் பல வண்ணங்களில் இருக்கும்.

சுவிட்சர்லாந்தில் ஒரு மருத்துவர் கண்டுபிடித்த சோதனை என்றார். அட்டையைக் கையில் கொடுத்து, "இது என்னவாக இருக்கலாம்?" என்று மட்டும் கேட்க வேண்டும். சரியான விடை என்று ஒன்று கிடையாது. பார்க்கிறவள் முழுக் கறையையும் பார்க்கிறாளா, ஒரு மூலையை மட்டும் பார்க்கிறாளா? வடிவத்தைப் பார்க்கிறாளா, நிறத்தைப் பார்க்கிறாளா? அவள் பார்க்கும் உருவங்கள் சும்மா நிற்கின்றனவா, அசைகின்றனவா? எத்தனை விடை சொல்கிறாள், எங்கே திகைத்து நின்றுபோகிறாள்? இவற்றையெல்லாம் கணக்கிட்டால் ஆளின் சுபாவம் தெரியும் என்றார்.

"கறையில் இருப்பது பாதிதான். மீதியைப் பார்க்கிறவள் தன் மனதிலிருந்து கொண்டுவந்து போடுகிறாள்" என்று விளக்கினார். மனிதர்கள் அசைவதாகவும் பேசுவதாகவும் பார்ப்பவளுக்குள் உயிர்ப்பு இருக்குமாம். பிறர் மனதுக்குள் புகுந்து பார்க்கும் குணம் இருக்குமாம். எதைப் பார்த்தாலும் இரத்தம், ரணம் என்பவளிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டுமாம்.

அவருடைய விதிகளில் ஒன்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். சிரித்தால் சிரித்தாள் என்று எழுத வேண்டும். சுருக்கக் கூடாது.

என்னைத்தான் முதலில் சோதித்துப் பார்த்தார், பழகிக்கொள்வதற்காக.

பரீட்சை என்றாலே எனக்கு உற்சாகம். முதல் அட்டை வந்தது. "வௌவால்" என்றேன். "வேறு ஏதாவது?" என்று கேட்டார். அடடா, தப்பாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று, "வண்ணத்துப்பூச்சி" என்று மாற்றினேன். இரண்டாவது அட்டையில் கறுப்புக்கு மேலும் கீழும் சிவப்புச் சிதறல் இருந்தது. "இரத்தம்" என்றேன். வேறு ஏதாவது? இல்லை. அதற்கப்புறம் ஒவ்வோர் அட்டைக்கும் ஒவ்வொரு சொல். இரண்டு மூன்று அட்டைகளுக்கு, "தெரியவில்லை." தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதுதானே நேர்மை?

மிஸ்ஸியம்மா கனிவாகச் சிரித்தார். "மிகவும் ஜாக்கிரதையான மனம் உங்களுக்கு" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வகுப்பில் மக்குப் பிள்ளையிடம் "கையெழுத்து நன்றாக இருக்கிறது" என்று நான் சொல்லும் குரல் அது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பரீட்சையில் தோற்றேன்... அதுவும் சரியான விடையே இல்லாத பரீட்சையில்!

இனி பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் முன்பு என் மாணவி. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டாள். வாயாடி. அவளைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தியது போல் வேறு யாரையும் நான் நிறுத்தியதில்லை. பெஞ்சில் நின்றுகொண்டும் ஜன்னல் வழியே போகிறவர்களைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கதை சொல்லுவாள். பிறகு தேவதானத்தில் கல்யாணமாயிற்று. கொஞ்ச நாளில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். குழந்தை இல்லை. இராஜபாளையத்தில் ஒரு மில்லில் நூல் சுற்றும் வேலைக்குப் போனாள். சங்கு ஊதிய பிறகு வெளியே வரும்போது பார்த்திருக்கிறேன். தலையெல்லாம் பஞ்சு, வாயெல்லாம் பேச்சு, சுற்றிலும் பத்துப் பெண்கள் சிரித்துக்கொண்டு வருவார்கள்.

பஞ்சுத் தூசி அவளுக்கு ஆகவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. மில்லை விட்டே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு முன்னால் இரண்டே வழிகள்தான் இருந்தன. மதுரைப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை கற்றுக்கொடுத்து, சாப்பாடும் தங்குமிடமும் கொடுத்தார்கள். எங்கள் பள்ளி வழியாக ஒரே ஓர் இடம். அது கிடைக்காவிட்டால், தேவதானத்தில் புருஷனின் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாருக்குச் செய்ய ஆள் வேண்டும், வயலுக்கும் ஆள் வேண்டும் என்று அவர் ஏற்கெனவே சொல்லியனுப்பியிருந்தார்.

சோதனைக்கு வந்த அன்று காலை தையல் அறைக்கு வெளியே நின்று அவள் என்னிடம் சொன்னாள்.

"தேவதானம் போனா அடிக்க மாட்டாக டீச்சரம்மா, சோறும் போடுவாக. ஆனா பேச ஆளு இருக்காது. மாடுதான் இருக்கு. அதுகிட்ட எம்புட்டு நேரம் பேச?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கை புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

என்ன கேட்பார்கள் என்று விசாரித்தாள். மனதில் படுவதைச் சொல்லு என்றேன். அதுவரை நான் நியாயமாகத்தான் நடந்தேன்.

போன தடவை இங்கிருந்து போன பெண், ஆஸ்பத்திரியில் முதல் ரணத்தைப் பார்த்ததுமே பயந்து ஓடி வந்துவிட்டாள். அதனால் மிஸ்ஸியம்மாவுக்கு இந்த முறை ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவலை அதிகம்; அட்டைகளைக் காட்டித்தான் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்திருந்தார். பாக்கியத்தோடு போட்டிக்கு எஸ்தர் என்ற பெண் இருந்தாள், அடக்கமான பிள்ளை. அவளுடைய சோதனை முன்னமே முடிந்திருந்தது. சுமார்தான், மோசமில்லை.

பாக்கியம் உட்கார்ந்தாள். மிஸ்ஸியம்மா முறைப்படி அவளுக்குப் பக்கவாட்டில், சற்றுப் பின்னால் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். நான் எதிரே இருந்தேன்.

முதல் அட்டையிலேயே பேச ஆரம்பித்துவிட்டாள். திருப்பிப் பார்த்தாள், தலைகீழாகப் பிடித்தாள், தூரத்தில் வைத்தாள். நடுவில் நிற்பவள் ஒரு பெண்ணாம். இரண்டு பக்கமும் இரண்டு பேர் அவளை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கிறார்களாம். அவள் யாரோடும் போக மனமில்லாமல் காலை ஊன்றி நிற்கிறாளாம். பேசப் பேச அவள் தோளும் கையும் இழுபட்டன. பேச்சு புரியாத மிஸ்ஸியம்மா அந்தக் கைகளைப் பார்த்தே சிரித்துவிட்டார்.

வாய்விட்டுச் சிரித்தார்.

எத்தனை வருஷம் அவர் பக்கத்தில் நடந்திருக்கிறேன்! எத்தனை கிராமம், எத்தனை வெயில்! ஒரு நாளாவது நான் சொன்ன ஒன்றுக்கு அவர் அப்படிச் சிரித்ததுண்டா? இல்லை. இந்த ஐந்தாம் வகுப்புக்காரி, பஞ்சு மில்லில் நூல் சுற்றியவள், என் பெஞ்சில் ஏறி நின்றவள்... நான் தோற்ற பரீட்சையில் சிரிக்கவைத்து ஜெயித்துக்கொண்டிருந்தாள். வயிறு எரிந்தது. இதற்கு வேறு நல்ல பெயர் ஒன்றும் இல்லை. வயிற்றெரிச்சல்தான்.

"ஒரு பெண்ணும் இரண்டு ஆட்களும்" என்று மொழிபெயர்த்தேன். இழுப்பதை விட்டேன். காலை ஊன்றி நிற்பதை விட்டேன்.

மிஸ்ஸியம்மா எழுதிக்கொண்டார். சற்றே ஆச்சரியமாக என்னைப் பார்த்தார். அவ்வளவுதான்.

பிறகு இரண்டாவது அட்டை வந்தது. வாங்கியதும் பாக்கியத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. உங்களிடம் முழுவதும் சொல்கிறேன்.

"ரெண்டு பொம்பளைக டீச்சரம்மா. கெணத்தடியில கொண்டையைப் பிச்சுச் சண்டை போட்டுட்டு இப்பத்தான் ராசியாயிருக்காளுக. கையோட கை வச்சுச் சத்தியம் பண்ணுதாளுக. வாயில வெத்தலை வேற. சிரிப்ப அடக்க முடியாமத் துப்பிட்டாளுக, மேலயும் கீழயும் செவப்பாத் தெறிச்சிருக்கு பாருங்க. செத்த நேரம் பொறுங்க, பொறவு மறுபடி சண்டை வரும்."

"இரண்டு பெண்கள்" என்றேன் நான்.

மிஸ்ஸியம்மாவின் பேனா காத்திருந்தது. இவள் நிறையப் பேசினாளே, அவ்வளவுதானா என்று கேட்டார்.

"இந்தச் சிவப்பைப் பற்றியும் சொல்கிறாள்" என்றேன்.

அவர் முகம் சற்று மாறியது. போன தடவை ஓடிவந்த பெண் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "இரத்தம் என்கிறாளா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வெற்றிலை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? மிஸ்ஸியம்மாவுக்கு அந்தச் சொல் தெரியும்; பாக்கியத்தின் வேகமான பேச்சில்தான் அது அவருக்குப் பிடிபடவில்லை. ஊரில் சுவரெல்லாம் துப்பிவைத்திருப்பதைப் பார்த்து மாதம் ஒரு முறையாவது அலுத்துக்கொள்வார். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் மறுபடியும் சிரித்திருப்பார்... அது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் திறக்கவில்லை.

தலையசைத்தேன்.

நான் தலையசைப்பதைப் பாக்கியம் பார்த்தாள். தான் சொன்னதை நான் சரியாகக் கொண்டுசேர்த்துவிட்டேன் என்று அவளுக்கு நம்பிக்கை. ஆங்கிலம் தெரியாத அந்தப் பெண், மிஸ்ஸியம்மாவைப் பார்த்து, ஆமாம் ஆமாம் என்று தானும் தலையசைத்தாள்.

அந்தத் தலையசைப்பை என்னால் எங்கேயும் கொண்டுபோய் வைக்க முடியவில்லை.

மற்ற அட்டைகள் சுலபமாக முடிந்தன. ஒரு முறை இறங்கிவிட்டால் அப்புறம் கூச்சமில்லை. இரண்டு பேர் பஞ்சுக் கூடையைத் தூக்குகிறார்கள், ஒருத்தி பாரத்தையெல்லாம் மற்றவள் பக்கம் சாய்க்கிறாள் என்றாள் அவள். "இரண்டு ஆட்கள், ஒரு கூடை" என்றேன் நான். இன்னொன்றில் வௌவாலைப் பார்த்தாள். பகல் முழுவதும் தொங்கிவிட்டு, பொழுது சாய்ந்ததும், மாமியார் வீட்டுக்குக் கிளம்பும் மருமகள் மாதிரி மனமில்லாமல் றெக்கையை விரிக்கிறது என்றாள். நான் சொன்னது "வௌவால்." வண்ண அட்டைகளில் அவளுக்கு மலை தெரிந்தது, மழை தெரிந்தது, கல்யாண வீட்டுக் கூட்டம் தெரிந்தது. நான் நிறங்களின் பெயரைச் சொன்னேன்.

பழக்கதோஷம் என்று நான் சொல்லலாம். எருமை செத்த கதையைச் சுருக்குகிறவள்தானே, இதையும் சுருக்கிவிட்டாள் என்று நீங்களும் என்னை விட்டுவிடலாம். வேண்டாம். எருமைக் கதையைச் சுருக்கியபோது எனக்குச் சலிப்புதான் இருந்தது. அன்றைக்கு இருந்தது சலிப்பல்ல. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு திருப்தி இருந்தது.

அவள் போன பிறகு மிஸ்ஸியம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அத்தனை பேச்சுக்கு இவ்வளவுதானா என்று மறுபடியும் கேட்டார். எங்கள் பெண்கள் அப்படித்தான், ஒன்றையே ஒன்பது தடவை சொல்வார்கள் என்றேன். நம்பினார். இத்தனை வருஷம் நான் சொல்லி அவர் நம்பாதது எதுவும் இல்லை.

பிறகுதான் அதைச் சொன்னார். பாக்கியத்தின் விடைகளையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, புருவத்தைச் சுருக்கினார்.

"விசித்திரம்! உங்களுடையதும் அவளுடையதும் ஏறக்குறைய ஒரே மாதிரி, ஓரிரு சொற்களாகவே இருக்கின்றன. இரண்டாவது அட்டையில் இரத்தம்கூட. ஆளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லையே."

கண்டுபிடித்துவிட்டார் என்றே நினைத்தேன். கண்டுபிடித்திருந்தால்... நான் அழுதிருப்பேன், மன்னிப்புக் கேட்டிருப்பேன், பாக்கியம் நர்சு ஆகியிருப்பாள். ஆனால் அவர் நல்லவர். நல்லவர்கள் பக்கத்தில் நிற்பவளைச் சந்தேகிப்பதில்லை.

"உங்களை எனக்குத் தெரியும். அதனால் இது ஜாக்கிரதை என்று எடுத்துக்கொள்கிறேன். அவளைத் தெரியாதே. பயந்த, வறண்ட மனம் என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்றார்.

நான் அட்டைகளை எண்ணிப் பெட்டிக்குள் அடுக்கினேன். இந்தச் சோதனையெல்லாம் புரட்டு என்று பிற்பாடு சில படித்தவர்கள் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் அன்று அந்தத் தையல் அறையில் அது ஆளைச் சரியாகத்தான் பிடித்தது. பயந்த, வறண்ட மனம் ஒன்று அங்கே இருந்தது. அட்டையைக் கையில் வைத்திருந்தவளுடையது அல்ல, அவ்வளவுதான்.

இடம் எஸ்தருக்குப் போயிற்று. நன்றாகத்தான் வேலை கற்றாள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று சில நாள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பலிக்கவில்லை.

முடிவைப் பாக்கியத்திடம் சொல்வதும் என் வேலையாயிற்று. மிஸ்ஸியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நீளமாகப் பேசினார். இது உன் குற்றமல்ல, அந்த இடத்தின் ரணமும் கூக்குரலும் உன்னை வருத்திவிடும் என்று பயப்படுகிறேன், உனக்காக ஜெபிப்பேன் என்றார். நான் அவளிடம் திரும்பி, "உனக்கு இது சரிப்படாது என்கிறார்கள்" என்றேன்.

"சரி, வாரேன் டீச்சரம்மா" என்றாள். அடுத்த வாரமே புருஷனின் அண்ணன் வந்து அவளைத் தேவதானத்துக்கு அழைத்துப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

யுத்தம் முடிந்ததும் மிஸ்ஸியம்மா தன் நாட்டுக்கே திரும்பினார். போகும்போது அந்தப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். பிரிவு உபசாரக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் கை வைத்து, தானே தமிழில் சொன்னார்: "இவங்க எனக்கு நாக்கு. ஒரு வார்த்தை சிந்தினது இல்லே." எல்லோரும் கை தட்டினார்கள். நான் தலை குனிந்தேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த ஆண்டோ அடுத்த ஆண்டோ, ஆடிப்பூரக் கூட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரே திணறிக்கொண்டிருந்த நாளில், பஸ் நிற்கும் இடத்தில் பாக்கியத்தைப் பார்த்தேன். முதலில் அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தாள், ஆனால் தெரியாமல் போனதற்குக் காரணம் அது இல்லை. அவள் வாய் மூடியிருந்தது. அந்த முகத்தை வாய் மூடி நான் பார்த்ததே இல்லை.

மாமியாருக்கு மருந்து வாங்க வந்தாளாம். சௌக்கியமா என்றேன், தலையசைத்தாள். இருமல் எப்படி இருக்கிறது என்றேன். கையை ஒரு மாதிரி ஆட்டினாள். அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்றேன், அதற்கும் தலையசைப்புதான். என் வகுப்பில் நான் எப்போதும் விரும்பிய, வாய் திறக்காத மாணவி கடைசியில் எதிரே நின்றாள்.

நான் நகரப் போனபோதுதான் அவளாகவே கேட்டாள்.

"அந்தப் படத்துல என்ன இருந்துச்சு டீச்சரம்மா? நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்?"

இத்தனை நாளும் வயலிலும் மாமியார் கட்டில் பக்கத்திலும் அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்! சொல்லிவிடலாம் என்று நினைத்தேனா? நினைத்தேன். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் சொன்னது இது: "அதற்குச் சரி, தப்பு என்று விடை கிடையாது, பாக்கியம்."

அவள் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. புரிந்துகொள்ள முயலும் பிள்ளையின் முகம்தான்.

"தப்பே கிடையாதுன்னா நான் எப்படித் தோத்தேன்?"

சேத்தூர் வழியாகப் போகும் பஸ் வந்துவிட்டது. கூட்டம் நெருக்கியது. அவள் படியில் ஏறி நின்றுகொண்டு, எனக்குப் பதிலாகத் தானே காரணத்தைக் கண்டுபிடித்துச் சொன்னாள்: "ரொம்பப் பேசிட்டேன் போல. நீங்க அப்பவே சொல்வீக, வாயைக் குறைன்னு. இப்பக் குறைச்சுட்டேன்."

நான் கையை மட்டும் உயர்த்தினேன். பஸ் போய்விட்டது.

தேவதானம் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை. தினமும் பஸ் போகிறது. ஏறி உட்கார்ந்தால் போதும். போய், "நீ தோற்கவில்லை, தோற்றது நான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அதன் பிறகாவது அவள் வாயைத் திறப்பாளோ என்னவோ. நான் போகவில்லை. ஏன்? அவள் ஏசுவாள் என்று பயமா? இல்லை, அவளுக்கு ஏசத் தெரியாது. போனால் நான் டீச்சரம்மாவாகத் திரும்பி வரமுடியாது. அது ஒன்றுதான் காரணம்... இவ்வளவு அற்பமான காரணம்!

உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது. நீங்கள் எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்பவர் அல்லர். உங்களிடம் சொல்லிவிட்டால் பாக்கியத்திடம் சொன்னதாகாது என்பதும் எனக்குத் தெரியும்.

போன வாரம் வகுப்பில் ஒரு சிறுமி எழுந்தாள். கணக்குக்கு விடை கேட்டால், அந்தக் கணக்கில் மாம்பழம் விற்ற வியாபாரி யார், அவன் ஏன் அழுகலைக் கூடையின் அடியில் மறைத்தான் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் என் வாயிலிருந்து, "விடையை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்" என்றுதான் வந்தது. அவள் உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் தையல் அறையில் அந்தப் பெட்டியைத் திறந்தேன். இரண்டாவது அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவள் சொன்னதை ஒவ்வொன்றாக நினைவுபடுத்திக்கொண்டு பார்த்தேன். இரண்டு பெண்கள் தெரிந்தார்கள். உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்ந்திருப்பதும் தெரிந்தது. மேலும் கீழும் இருப்பது வெற்றிலைச் சிவப்புதான். நன்றாகத் தெரிகிறது, இரத்தமே இல்லை.

ஆனால் அவர்கள் சிரிக்கவில்லை. வெளிச்சம் இருந்த வரை, திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்துவிட்டேன். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.